நாலாம் நம்பர் எது?

நோட்டன் பிரிட்ஜிலிருந்து மேலே ஏறும் தோட்டப் பாதையொன்றில், வீட்டுக்குப் பின்னால் மண் வெட்டிய சரிவில், மேசன் பாஸ் ஒருவர் பொலித்தீன் உறைக்குள் நாலாக மடித்த தாளோடு நின்றுகொண்டிருந்தார். நான் வரைந்த பிளான். ஏ2 தாளுக்கென்று வரைந்ததை யாரோ போட்டோகொப்பிக் கடையில் ஏ4 ஆகச் சுருக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். மழை விட்டு விட்டுப் பெய்தது.

"தம்பி, இங்க வட்டத்துக்குள்ள நாலு, அதுக்குக் கீழ மூணுன்னு போட்டிருக்கே. அந்த நாலாம் நம்பர் எது?"

மூன்றாம் தாளில் நான்காவது டீட்டெய்லைப் பார் என்று அதற்குப் பொருள். அவர் மூன்றாம் தாளை விரித்தார். நான்காவதாக இருந்தது முற்றத்துக் கட்டைச்சுவர்: நாலங்குலக் கல், இரண்டடி உயரம். பின்பக்கத்து மண்ணைத் தாங்கும் கருங்கல் அணைசுவர் ஐந்தாவதாகப் போயிருந்தது. கடைசி நேரத்தில் கதவு நிலை ஒன்றின் டீட்டெய்லை நடுவில் செருகியிருந்தேன். அதனால் அடுத்தவையெல்லாம் ஓர் எண் தள்ளிப்போய்விட்டன. வட்டத்துக்குள் நான் தட்டச்சிட்ட நாலு மட்டும் நகரவில்லை. பாஸ் கேட்டதால் தப்பினோம். கேட்காமல் கட்டிவிடுகிற பாஸ்மாரும் உண்டு.

கட்டட வரைதல் மென்பொருளைக் கற்றுத்தரும் வகுப்புகளில் கோடு, சுவர், கதவு எல்லாம் முடிந்த பிறகு, கடைசி நாளில்தான் எழுத்து வரும். 'டெக்ஸ்ட்' கட்டளை, உயரம், எழுத்துரு, முடிந்தது. படத்தைக் கையில் வைத்திருப்பவர் முதலில் தேடுவதோ எழுத்தைத்தான். இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருப்பது செங்கல்லா, கருங்கல்லா, கொங்கிறீற்றா என்று கோடு சொல்லாது. எழுத்து எந்த அளவில் இருக்கவேண்டும், எதோடு கட்டப்பட்டிருக்கவேண்டும், யாருடைய சொல்லில் இருக்கவேண்டும், டீட்டெய்ல்களை எந்த வரிசையில் அடுக்கவேண்டும் என்பவை பற்றி உலகம் என்ன செய்திருக்கிறது, அதில் எது இந்த மலைக்கு ஒத்துவரும் என்று பார்ப்பதே இங்கே என் வேலை.

பெரிய வேலைக்கும் சின்ன வீட்டுக்கும் இடையிலுள்ள ஒரு பழைய வேறுபாட்டிலிருந்து தொடங்கலாம். நோட்டன் பிரிட்ஜ் பொறியியலுக்குப் பேர்போன ஊர். கெஹெல்கமு ஓயாவை மறித்து நிற்கும் நோட்டன் அணையின் நீர் பழைய லக்சபானா மின்நிலையத்துக்குப் போகிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீர் இங்குள்ள விமலசுரேந்திர மின்நிலையத்துக்கு வருகிறது. முன்னது 1950இல் இயங்கத் தொடங்கியது, பின்னது 1965இல். இப்பக்கத்து ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று டி.ஜே. விமலசுரேந்திர 1918இலேயே எழுதிவைத்தார். இப்படிப்பட்ட பெரிய வேலைகளில் படத்துக்கும் கைக்கும் நடுவில் ஆட்கள் இருப்பார்கள்: பொறியியலாளர், ஓவர்சியர், கங்காணி. ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பை ஓவர்சியர் வாயால் மொழிபெயர்த்து, கையால் காட்டி, தப்பாகச் செய்தால் உடைக்கச் சொல்லி முடிப்பார். கட்டடக் கலைஞர்கள் ஜெஃப்ரி பாவா, லாரி பேக்கர் போன்றோரின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். அவர்கள் தளத்தில் நின்று முடிவெடுத்தவர்கள். படம் சொல்லாததை அவர்களே சொன்னார்கள்.

ஏழு பேர்ச் நிலத்தில் எழும் தோட்டத்து வீட்டுக்கு அப்படி யாரும் நிற்பதில்லை. வரைந்தவர் ஹட்டனில், அனுமதித்தவர் பிரதேச சபையில், பாஸ் சரிவில். நடுவில் இருப்பது தாள் ஒன்றுதான். ஓவர்சியரின் வேலையையும் எழுத்தே பார்த்தாக வேண்டியிருக்கிறது.

எழுத்தின் அளவு பற்றிய விதி கணினிக்கு முந்தியது. ஐஎஸ்ஓ 3098 என்ற தரம் எழுத்துயரங்களை 2.5, 3.5, 5, 7, 10 மில்லிமீற்றர் என்று அடுக்குகிறது. ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். ஏ1, ஏ2, ஏ3 தாள்களின் பக்கங்களும் அதே விகிதத்தில்தான் குறைகின்றன. ஆகவே ஒரு தாளை அடுத்த சிறிய தாளாகச் சுருக்கினால் 3.5 கிட்டத்தட்ட 2.5 ஆகும், ஸ்டென்சிலும் மைப்பேனாவும் வைத்து, சுருக்கிய பிரதியிலேயே திருத்தம் எழுதலாம். யோசித்துச் செய்த ஏற்பாடு. ஆனால் பாஸ் கையில் இருந்தது இரண்டு படி சுருங்கிய தாள். நான் 2.5இல் எழுதியது 1.25 ஆகியிருந்தது. ஆங்கிலப் பெரிய எழுத்தைக் கண்ணைச் சுருக்கியாவது படித்துவிடலாம். 'ஞ', 'ணூ', 'ழு' எல்லாம் அந்த அளவில் மைப்பொட்டுகள்.

தமிழுக்கு 3.5க்குக் கீழே போகக் கூடாது என்பது என் கட்சி. எழுத்துக்குள் சுழியும் வளைவும் அதிகம். மேலே விசிறியும் புள்ளியும், கீழே உகரத்தின் வாலும் ஒன்றோடொன்று இடிக்கும். வரி இடைவெளியையும் மென்பொருள் தருகிற இயல்பளவைவிடக் கொஞ்சம் கூட்டவேண்டும். இன்னொரு தொல்லை நீளம். 'பெட்ரூம்' என்று ஆங்கிலத்தில் ஏழெழுத்தில் அடங்குவது 'படுக்கையறை' ஆகும்போது பத்தடி அறையின் படத்தில் சுவரைத் தொட்டுவிடும். எழுத்தை ஒல்லியாக்கிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். அதைவிடச் சொல்லை மாற்றுவது மேல். அதைப் பிறகு சொல்கிறேன்.

கணினி வந்ததும் அளவுக் கணக்கு தலைகீழானது. ஓட்டோகேட் என்ற வரைதல் மென்பொருளில் சுவரை உண்மையான நீளத்திலேயே வரைகிறோம். ஆகவே 1:100இல் அச்சாகும்போது 2.5 மி.மீ. எழுத்து வேண்டுமென்றால் வரையும்போது 250 மி.மீ. உயரத்தில் எழுதவேண்டும், அதே குறிப்பு 1:20 டீட்டெய்லில் வரவேண்டுமென்றால் 50. பல வருடங்கள் ஒவ்வொரு அளவுத்திட்டத்துக்கும் தனித்தனி எழுத்து, தனித்தனி லேயர் என்றுதான் ஓடியது. 2008 பதிப்பில் வந்த அளவோடு தானாக மாறும் எழுத்து இதைத் தீர்த்துவைத்தது: தாளில் எவ்வளவு உயரம் வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். இருந்தும் நம் பக்கத்தில் பலர் இன்னும் 250, 50 என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பழக்கம்.

எழுத்துரு விஷயத்தில்தான் தமிழ் வரைஞனுக்கு உண்மையான அடி. ஓட்டோகேட்டின் சொந்த எழுத்துருக்கள் எஸ்.எச்.எக்ஸ். என்ற வகை, பேனா ஓடும் பாதையைக் கோடுகளாகச் சேமித்தவை, பிளொட்டர் காலத்தவை. அவற்றில் தமிழ் இல்லை. அந்த எழுத்துருவை வைத்துக்கொண்டு யூனிகோட்டில் 'அத்திவாரம்' என்று தட்டினால் திரையில் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். இலங்கையில் இதற்கு நாம் கண்ட குறுக்குவழி பாமினி எழுத்துரு. பாமினியில் தமிழ் வடிவங்கள் ஆங்கில விசைகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. 'அம்மா' என்று எழுத எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து விசை. மென்பொருளைப் பொறுத்தவரை அது வெறும் ஆங்கிலம், ஆகவே எந்தப் பழைய பதிப்பிலும் அழகாக வரும். கொம்பும் காலும் தட்டிய வரிசையில் அப்படியே நிற்கும்.

ஆனால் அந்தக் கோப்பைப் பாமினி இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். எழுத்துரு கிடைக்காதபோது ஓட்டோகேட் தன்னிடமுள்ள ஓர் எஸ்.எச்.எக்ஸ். எழுத்துருவை மாற்றாகப் போட்டுக்கொள்ளும். இஸ்தோப்பு, குசினி, அறை எல்லாம் ஒல்லியான ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறிவிடும். கொழும்பிலிருந்து ஒரு பொறியியலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "இது ஏதும் இரகசியக் குறியீடா?" என்று கேட்டது நினைவிருக்கிறது. தேடல் வேலை செய்யாது. ஒரு சொல்லை எல்லா இடத்திலும் மாற்ற முடியாது. அட்டவணையாக வெளியே எடுத்தால் அதுவும் குப்பை.

யூனிகோட்டில் 1991இலிருந்தே தமிழ் இருக்கிறது. விண்டோஸ் 2000இல் லதா என்ற தமிழ் எழுத்துரு வந்தது. இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ். 1326 தமிழுக்கென்று 2008இல் வந்தது. ஓட்டோகேட்டும் 2007 பதிப்பிலிருந்து கோப்புக்குள் யூனிகோட்டைச் சேமிக்கிறது. சேமிப்பது ஒன்று, சரியாக வரைந்து காட்டுவது இன்னொன்று. 'கொ' என்ற எழுத்தில் ககரம் முதலில், ஒகரக் குறி அடுத்து என்றுதான் கணினி சேமிக்கும். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து ககரத்தின் இரு பக்கமும் வைப்பது மென்பொருளின் பொறுப்பு. அதைச் செய்யத் தெரியாத நிரலில் 'கெ' எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஆகவே எந்த மென்பொருளை வாங்கினாலும், இலவசமாக எடுத்தாலும், முதல் நாளே 'கொங்கிறீற்றுப் பெட்டிக்கான்' என்று ஒரு வரி தட்டி, அச்செடுத்துப் பார்த்துவிடவேண்டும். திரையில் சரியாக இருப்பது தாளில் குழம்புவதும் உண்டு. எழுத்தைக் கோடுகளாக உடைத்து அனுப்புகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. எங்கும் ஒரே மாதிரித் தெரியும், ஆனால் அப்புறம் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. உடைத்த பிரதியை வெளியே அனுப்பலாம். மூலத்தை உடைப்பது வீட்டைப் பூட்டிவிட்டுத் திறப்பை ஓயாவில் எறிவது.

அந்த நாலாம் எண்ணுக்குத் திரும்புவோம். அந்த எண் பிழைத்தது என் கவனக்குறைவால் மட்டுமல்ல. அதை நான் எண்ணாக எழுதியதால். படத்தில் இருக்கும் எழுத்து இரண்டு வகை. ஒன்று, தட்டியது; தட்டியபடியே கிடக்கும். மற்றது, வேறோர் இடத்திலிருந்து எடுத்துக் காட்டுவது. ஓட்டோகேட்டின் 2005 பதிப்பில் தாள்தொகுதி முறையும் 'ஃபீல்ட்' எனப்படும் இழுத்துக் காட்டும் எழுத்தும் ஒன்றாக வந்தன. வட்டத்துக்குள் நாலு என்று தட்டாமல், "அந்த டீட்டெய்லுக்கு இப்போது என்ன எண்ணோ அதைக் காட்டு" என்று வைத்தால், நடுவில் எத்தனை செருகினாலும் வட்டம் தானாகத் திருந்தும். 2000இல் வெளிவந்து, 2002இல் ஓட்டோடெஸ்க் வாங்கிய ரெவிட்டில் இது விருப்பத் தெரிவே அல்ல. வெட்டுமுகக் குறியும் டீட்டெய்ல் வட்டமும் தாளில் வைத்த பிறகே எண் பெறும். கையால் தட்ட இடமே தராது. ஹங்கேரியில் 1980களிலேயே பிறந்த ஆர்க்கிகேட்டிலும் ஏறத்தாழ அப்படித்தான். முதலில் எரிச்சலாக இருக்கும். ஒரு மழைக்காலம் போனால் நன்றி சொல்லத் தோன்றும்.

கதவு, ஜன்னல் குறிகளிலும் இதே பிரிவினைதான். ஓட்டோகேட்டில் 'டி1' என்ற குறியை வெறும் எழுத்தாகவும் வைக்கலாம், அகலம், உயரம், மரம் முதலிய விவரங்களைச் சுமக்கும் ப்ளொக்காகவும் வைக்கலாம். இரண்டாவதானால் கதவு அட்டவணை அதிலிருந்தே வரும். எத்தனை கதவு என்று விரல்விட்டு எண்ணவேண்டாம். இரண்டறை வீட்டுக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்பார்கள். நாலு கதவு வீட்டில்தான் ஐந்து கதவு வாங்கிவந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இனி மொழி. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. ஆனாலும் வீட்டுப் பிளான் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகிறது. மென்பொருள் ஆங்கிலம், நூலக ப்ளொக்குகள் ஆங்கிலம், படித்த பாடம் ஆங்கிலம். சுவர் கட்டுகிறவர் தமிழ் படிப்பவர். அவரோடு நிற்கிற கம்பி வேலைக்காரர் சிங்களம் படிப்பவராக இருக்கலாம். அனுமதி மேசையில் இருப்பவருக்கு ஆங்கிலம் வசதி.

மூன்று மொழிக்கு மூன்று லேயர் வைத்து, வேண்டியதை மட்டும் திறந்து அச்செடுப்பது முதல் வழி. எளிது, செலவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் சுவரை ஒன்பது அங்குலமாகத் திருத்திவிட்டுத் தமிழில் ஆறாகவே விட்டுவிட்டால், இரண்டு தாளும் கையெழுத்தோடு வெளியே போகும். எது சட்டம்? இரண்டாம் வழி குறிப்பெண் முறை. படத்தில் 14 என்று மட்டும் இருக்கும். ஓரத்தில் ஓர் அட்டவணை, அதில் 14க்கு நேரே விளக்கம். அமெரிக்க, ஐரோப்பிய அலுவலகங்களில் இது நெடுநாள் வழக்கம். ரெவிட் அந்த அட்டவணையைப் படத்துக்கு வெளியே ஓர் எளிய உரைக்கோப்பாக வைத்திருக்கிறது: எண், விளக்கம், தாய்த்தலைப்பு என்று மூன்று பத்தி. தமிழுக்கு ஒரு கோப்பு, சிங்களத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று. எந்தக் கோப்பை ஏற்றுகிறோமோ அந்த மொழியில் முழுப்படமும் பேசும். கோப்பை யூனிகோட்டாகச் சேமிக்க மறக்கக் கூடாது, அவ்வளவுதான். அளவுகள் படத்தில் ஒரே இடத்தில் இருக்கும், சொற்கள் மட்டும் மாறும். மென்பொருள் உலகம் நமக்கென்று நினைக்காமலே நமக்குச் செய்துகொடுத்த உதவி என்று இதைச் சொல்வேன்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அது பலமானது. சாரத்தில் நிற்கிறவர் 14 என்று பார்த்து, தாளின் ஓரத்துக்குப் போய், வரியைத் தேடி, திரும்பி வரமாட்டார். அவருக்கு அந்த இடத்திலேயே 'கருங்கல், அடியில் 3 அடி' என்று நாலு சொல் வேண்டும். ஆகவே நான் இப்போது இரண்டும் செய்கிறேன். அனுமதிக்குப் போகும் தாளில் எண்ணும் அட்டவணையும். தளத்துக்குப் போகும் தாளில் அதே அட்டவணையிலிருந்து இழுத்த குறுஞ்சொல், தமிழில். அளவுகளை மில்லிமீற்றரில் போட்டு, பக்கத்தில் அடைப்புக்குள் அடி அங்குலம். பாஸின் நாடா அடியில்தான் பேசும்.

எந்தத் தமிழ் என்பது அடுத்த சண்டை. அரச சொற்றொகுதிப்படி 'முன்மண்டபம்', 'சமையலறை', 'படுக்கையறை'. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவனுக்கு அவை இஸ்தோப்பு, குசினி, காம்பரா. 'இஸ்தோப்பு' டச்சுக்காரன் விட்டுப்போன சொல், 'குசினி' போர்த்துக்கேயன் விட்டுப்போனது. இருநூறு வருட லயத்து வாழ்க்கையில் அவை நம் சொற்களாகிவிட்டன. படத்தில் அவை குட்டையாகவும் இருக்கின்றன; பத்தடி அறைக்குள் சுவரைத் தொடாமல் உட்காரும். மென்பொருளில் எழுத்தை ஒல்லியாக்குவதைவிடச் சொல்லை மாற்றுவது மேல் என்று முன்னே சொன்னது இதைத்தான்.

டீட்டெய்ல்களை அடுக்குவதற்கு உலகில் வழிகள் ஏராளம். ராம்சேயும் ஸ்லீப்பரும் 1932இல் அமெரிக்காவில் வெளியிட்ட தரப்படத் தொகுப்பும், 1936இல் ஜெர்மனியில் வந்த நொய்ஃபெர்ட்டின் நூலும் வரைமேசைகளின் பஞ்சாங்கங்கள். ஒருமுறை நன்றாக வரைந்ததை மறுபடி வரையாதே என்பதை ஒரு முறைமையாகவே ஃப்ரெட் ஸ்டிட் 1980இல் எழுதினார். அமெரிக்க தேசியக் கேட் தரத்தில் தாள் எண்ணே பேசும்: முதலெழுத்து துறை, அடுத்த இலக்கம் தாளின் வகை. ஒன்று கிடைப்படம், மூன்று வெட்டுமுகம், ஐந்து டீட்டெய்ல். பொருள்வாரியாக அடுக்குபவர்கள் கொங்கிறீற்று, கல்வேலை, மரவேலை என்று பிரிப்பார்கள்.

இதில் எதுவும் நம் சரிவுக்கு முழுதாகப் பொருந்தவில்லை என்று எனக்குப் பட்டது. காரணம் எளிது. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 அறிவித்தார். அந்த முதல் வீடுகளில் வீடு 550 சதுர அடி, நிலம் ஏழு பேர்ச், அதாவது ஏறக்குறைய 1,906 சதுர அடி. வீட்டின் மாதிரி ஒன்றே. ஜன்னல் நிலையும் கூரைத் தகரமும் எல்லா வீட்டுக்கும் ஒன்று. மாறுவது மண். ஒரு வீட்டுக்குப் பின்னால் நாலடி வெட்டு, அடுத்ததற்குப் பத்தடி. மேற்குச் சரிவில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இடங்கள் இருக்கும்போது அந்த ஆறடி வித்தியாசம் சின்ன விஷயமல்ல. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு கேட்கப்படுகிறது: எவ்வளவு வெட்டலாம், சரிவிலிருந்து எவ்வளவு தள்ளவேண்டும், நீரை எங்கே விடவேண்டும். அந்தச் சிபாரிசு பெரும்பாலும் கடிதமாகக் கோப்பில் தூங்கும். சுவர் கட்டுபவர் அதைப் பார்ப்பதில்லை.

ஆகவே என் நூலகத்தில் இரண்டே பெட்டி. வீட்டோடு போகும் டீட்டெய்ல் ஒன்றில்; மண்ணோடு போகும் டீட்டெய்ல் மற்றதில். முதலாவது பூட்டிய கோப்பு, எல்லா வீட்டுக்கும் வெளியிலிருந்து இணைக்கப்படும், தளத்தில் யாரும் கைவைப்பதில்லை. இரண்டாவதில் அணைசுவர், அதன் அடி, பின்னால் போடும் சல்லி, நாலடிக்கு ஒன்றாக நீர் வடியும் 75 மி.மீ. குழாய், மேலே வெட்டும் கான். இவற்றில் உயரமும் தூரமும் காலியாக இருக்கும். ஒவ்வொரு நிலத்துக்கும் நிரப்பாமல் அச்செடுத்தால் அந்த இடத்தில் பெரிய எழுத்தில் 'அளவு இல்லை' என்று வரும்படி வைத்திருக்கிறேன். சிபாரிசுக் கடிதத்தின் வரிகளும் அந்தத் தாளிலேயே, சுவருக்குப் பக்கத்தில். இந்தப் பிரிவினையை எந்தத் தரநூலிலும் நான் பார்க்கவில்லை. பெரிய அலுவலகங்கள் சிரிக்கலாம்.

அந்த பாஸின் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. சுவர் எழும்பிய பிறகு கேட்டு வாங்கிக்கொண்டேன். 'மேல்நீர் வடிகால்' என்று நான் அச்சிட்டிருந்த இடத்தில் பென்சிலால் அடித்துவிட்டு 'கான்' என்று எழுதியிருக்கிறார். பக்கத்தில் ஓர் அம்புக்குறி, எந்தப் பக்கம் வாட்டம் என்று. தேயிலை மலையில் கான் வெட்டித் திரிந்த கை. படத்தில் நான் வாட்டத்தைக் காட்டவே இல்லை. அன்றிரவு அட்டவணையில் அந்த வரியை மாற்றி, டீட்டெய்லில் அம்புக்குறியையும் சேர்த்தேன். சிங்களக் கோப்பைத் திறந்து பார்த்தால் அங்கேயும் 'காணுவ'தான், நான் மாற்ற ஒன்றுமில்லை.